குடத்துக்குள் யார் பெயர்? வரலாற்று வகுப்பில் பாத்திரமேற்றுக் கற்றல்

மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். மாணவர்களைப் பழங்காலத்து மனிதர்களாகப் பாத்திரமேற்கச் செய்து வரலாற்றைக் கற்பிப்பதால் உண்மையிலேயே பயன் உண்டா, நாற்பது பேர் அமர்ந்திருக்கும் அரசுப் பள்ளி வகுப்பில் அதை எப்படி நடத்துவது, தீண்டாமை போன்ற வேதனையான பாடங்களுக்கும் இம்முறை பொருந்துமா என்பவை அவை. சமூக அறிவியலை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கற்பித்தவன் என்ற முறையில், பயன் உண்டு என்றே உறுதியாகச் சொல்வேன். ஆனால் நம் பள்ளிகளில் நடித்துக் காட்டுதல் என்ற பெயரில் வழக்கமாக நடப்பதில் அந்தப் பயன் கிடைப்பதில்லை. ஆகவே முதலில் அந்த வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறேன்.

ஆண்டு விழாவில் அட்டைக் கத்தியும் ஒட்டு மீசையுமாக ஒரு மாணவன் கட்டபொம்மனாக மேடையேறுகிறான். தான் கயத்தாற்றில் தூக்கிலிடப்படப் போகிறோம் என்பது முதல் வசனத்தைப் பேசுவதற்கு முன்பே அவனுக்குத் தெரியும், பார்க்கிறவர்களுக்கும் தெரியும். 1799-ஆம் ஆண்டில் பாஞ்சாலங்குறிச்சியில் இருந்தவருக்கு அது தெரியாது. கப்பம் கட்டுவதா, காலம் தாழ்த்துவதா, யாரை நம்புவது என்று அவர் ஒவ்வொரு நாளும் முடிவெடுக்க வேண்டியிருந்தது. பின்னால் வரப்போவது தெரியாத நிலையில், தம் கையில் இருந்த தகவலைக் கொண்டு முடிவெடுத்தவர்கள்தாம் வரலாற்று மனிதர்கள் அனைவரும். அந்தத் தெரியாமையை மாணவர் சில மணி நேரமாவது உணரும்படி செய்வதே பாத்திரமேற்பின் வேலை. எனவே இதற்கு ஒப்பனை தேவையில்லை, மனப்பாட வசனம் கூடவே கூடாது. தேவைப்படுவதெல்லாம் முடிவெடுக்க வேண்டிய ஒரு தருணமும், அந்தக் காலத்து விதிகளும், ஒவ்வொருவருக்கும் தனித்தனியான ஒரு நிலையும்தான்.

நான் மீண்டும் மீண்டும் நடத்திய பாடம் உத்திரமேரூர்க் குடவோலை என்பதால் அதையே விரித்துச் சொல்கிறேன். காஞ்சிபுரத்திலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகச் சோழனின் இரண்டு கல்வெட்டுகள் உள்ளன; ஒன்று அவனுடைய 12-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, மற்றது 14-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதாவது கி.பி. 919, 921. அந்த ஊர் குடும்புகள் என்ற 30 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, குடும்புக்கு ஒருவராக 30 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் 12 பேர் சம்வத்சர வாரியம் என்ற ஆண்டுக் குழுவுக்கும், 12 பேர் தோட்ட வாரியத்துக்கும், 6 பேர் ஏரி வாரியத்துக்கும் சென்றார்கள். பதவிக்காலம் 360 நாள். பாடநூல் இதைச் சில வரிகளில் சொல்லி முடித்துவிடும்; மாணவரும் சில வரிகளில் எழுதி மதிப்பெண் பெற்றுவிடுவார்.

கல்வெட்டுக்குள் போனால்தான் வகுப்புக்குத் தேவையான சரக்கு கிடைக்கிறது. 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி, குடத்தில் பெயர் இட வேண்டுமானால் ஒருவருக்குக் கால் வேலிக்கு மேல் (வேலி என்பது பழைய நில அளவு) இறை, அதாவது வரி, செலுத்தும் நிலம் இருக்க வேண்டும். தம் சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும். வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். வேதக் கல்வி இருக்க வேண்டும். அரைக்கால் வேலி, அதாவது வேலியில் எட்டில் ஒரு பங்கு, மட்டுமே உடையவராயினும் ஒரு வேதத்தையும் ஒரு பாடியத்தையும் (விளக்கவுரையையும்) எடுத்துரைக்கத் தக்கவரானால் அவர் பெயரையும் இடலாம். கடந்த மூன்றாண்டுக்குள் வாரியத்தில் இருந்தவர் கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் கூடாது. அவருடைய சிற்றன்னை, பெரியன்னை மக்களும், அத்தை மாமன் மக்களும், மாமனாரும், மருமகனும், மைத்துனனும் கூடாது என்று உறவுப் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. இந்தப் பட்டியலை வாசிக்கும்போது எந்த வகுப்பிலும் ஒரு சலசலப்பு எழும். மற்ற விதிகளை விளக்க வேண்டியிருக்கும். அத்தை மகன் யார், மாமன் மகன் யார் என்பதை நம் பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய சட்டம் ஒன்று அவர்கள் வீட்டுக் கூடத்துக்குள் வந்து நிற்பது அந்த இடத்தில்தான்.

முதல் பாடவேளையில் நாற்பது சீட்டுகளைக் குலுக்கிப் போட்டு ஆளுக்கு ஒன்று எடுக்கச் சொல்வேன். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு மனிதரின் நிலை இருக்கும். "உனக்கு வயது 41. அரை வேலி நிலம். சொந்த வீடு. வேதம் ஓதியவன். உன் அத்தை மகன் ஏரி வாரியத்தில் இருந்தபோது கணக்குக் காட்டவில்லை" என்பது ஒன்று. "உனக்கு வயது 50. ஊராரின் நிலத்தில் உழுகிறாய். உனக்கென்று நிலம் இல்லை" என்பது மற்றொன்று. நாற்பதில் பத்துப் பன்னிரண்டு சீட்டுகள் மட்டுமே தகுதி உடையவையாக இருக்கும்படி முன்கூட்டியே எழுதிக்கொள்வேன். ஆனால் அதை வகுப்பில் சொல்ல மாட்டேன். முப்பது குடும்பு வகுப்பறைக்கு இயலாது என்பதால் ஆறு குடும்பாகப் பிரித்து, விதிகளின் படியை ஒவ்வொரு குடும்புக்கும் கொடுத்துவிடுவேன். யார் பெயரை எழுதலாம் என்பதை அவர்களே வாதாடி முடிவு செய்ய வேண்டும். மேலே சொன்ன அத்தை மகன் சீட்டு எந்தக் குடும்பில் விழுகிறதோ அங்கே சண்டை நிச்சயம். "அவன் செஞ்ச தப்புக்கு நான் என்ன பண்ணுவேன்?" என்று அந்த மாணவன் கேட்பான், "கணக்குக் காட்டாதவன் தன் சொந்தக்காரனை உள்ளே அனுப்பி ஏட்டை மாற்றிவிட்டால்?" என்று எதிரில் இருப்பவன் கேட்பான். அந்த வாதத்தில் ஆசிரியர் தலையிடாமல் இருப்பது நல்லது.

இரண்டாம் பாடவேளை குடத்துக்குரியது. தண்ணீர்க்குடம் இரண்டு போதும். ஓலைக்குத் தாளைக் கத்தரித்துக்கொள்ளலாம் என்றாலும், பனை உள்ள ஊரானால் ஓலை நறுக்கையே கொண்டுவரச் சொல்லுங்கள். கையில் பிடிக்கும்போது ஏற்படும் வேறுபாடு பெரிது. கல்வெட்டு இந்த இடத்தில் ஒரு நாடக ஆசிரியரைப் போல ஒவ்வோர் அசைவையும் குறித்து வைத்திருக்கிறது. சிறியவரும் முதியவருமாக மகாசபை நிறையக் கூடியிருக்க, ஊரில் உள்ள நம்பிமார் என்ற கோயில் பூசகர்கள் ஒருவர் விடாமல் உள்மண்டபத்தில் அமர்ந்திருக்க, அவர்களில் மூத்தவர் எழுந்து எல்லோரும் காணும்படி குடத்தை உயர்த்திக் காட்ட வேண்டும். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவன் அதிலிருந்து ஒரு குடும்பின் ஓலைக்கட்டை எடுப்பான். அதைப் பிரித்து வேறொரு வெறுங்குடத்தில் இட்டுக் குலுக்குவார்கள். அச்சிறுவனே அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்து, நடுவராக நிற்கும் மத்தியஸ்தன் கையில் கொடுப்பான். மத்தியஸ்தன் அதை ஐந்து விரலையும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்கிப் பெயரை வாசிப்பான். பிறகு மண்டபத்தில் உள்ள நம்பிமார் அனைவரும் அதே ஓலையை வாசிப்பார்கள். அதன் பின்னரே பெயர் எழுதப்படும்.

சிறுவனுக்கு ஆறாம் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளையை அழைத்து வருவேன். என்ன நடக்கிறது என்று அவனுக்கு முன்கூட்டிச் சொல்வதில்லை. முதல் ஓலை வெளியே வரும்போது வகுப்பு அடங்கிவிடும். மத்தியஸ்தனாக நின்ற ஒரு மாணவி, மற்றவர் வாங்குவது போல் இயல்பாக விரல்களை மடக்கி ஓலையை வாங்கியதும், பின்வரிசையிலிருந்து "விரி, விரி!" என்று நான்கைந்து குரல்கள் எழுந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவள் கையை விரித்துப் பிடித்துக்கொண்டாள். ஓலை உள்ளங்கையில் கிடந்தது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஏன் விரிக்க வேண்டும் என்று கேட்டேன். "கையில வேற ஓலைய ஒளிச்சு வச்சிருந்தா மாத்திடலாம்ல சார்" என்றான் ஒருவன். அப்படியானால் இந்த விதியை எழுதியவர்கள் எதைப் பார்த்திருப்பார்கள் என்று கேட்டதும் வகுப்பு தானாகவே அடுத்த படிக்குப் போயிற்று. ஏமாற்று நடந்திருக்க வேண்டும், அல்லது நடக்கும் என்ற அச்சம் இருந்திருக்க வேண்டும். ஒரு சட்டத்தை வாசித்து அதன் பின்னால் நின்ற ஊர்ச்சிக்கலை ஊகித்தறிவது வரலாற்றாய்வாளர் செய்யும் வேலை. பதினான்கு வயதுப் பிள்ளைகள் அதைச் செய்தார்கள். நான் சொல்லிக்கொடுத்திருந்தால் குறிப்பேட்டில் ஒரு வரியாக முடிந்திருக்கும்.

இதே இடத்தில் இரண்டு கல்வெட்டுகளையும் அருகருகே வைக்கலாம். 919-இல் வயது வரம்பு 30 முதல் 60 வரை. 921-இல் அது 35 முதல் 70 வரை. தகுதியின்மைகளும் இரண்டாவதில் விரிவாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. இரண்டே ஆண்டில் விதியை ஏன் திருத்தினார்கள் என்ற கேள்விக்குக் கல்வெட்டு நேராக விடை தருவதில்லை. அதனாலேயே அது நல்ல கேள்வி. மாணவர் சொல்லும் ஒவ்வொரு விடைக்கும் "கல்வெட்டில் எந்தச் சொல்லை வைத்து அப்படிச் சொல்கிறாய்?" என்று மட்டும் கேளுங்கள்.

மூன்றாம் பாடவேளையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நானும் முதல் ஆண்டில் விட்டுவிட்டேன். நேரம் போதவில்லை, பிள்ளைகள் மகிழ்ச்சியாக இருந்தார்கள், பாடம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். காலாண்டுத் தேர்வில் பாதிக்கு மேற்பட்டோர் "சோழர் காலத்தில் மக்கள் அனைவரும் வாக்களித்துத் தலைவர்களைத் தேர்ந்தெடுத்தனர்" என்று எழுதியிருந்தார்கள். கையால் செய்து கற்றது எளிதில் மறக்காது. தவறாகக் கற்றிருந்தால் அந்தத் தவறும் அதே அளவுக்கு ஊன்றிவிடுகிறது. அதன் பிறகு மூன்றாம் பாடவேளையை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுக்கொடுத்ததில்லை.

அந்தப் பாடவேளையின் தொடக்கத்தில் ஒவ்வொருவரும் எழுந்து, சீட்டைத் திருப்பிக் கொடுத்து, தம் சொந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். சடங்கு போலத் தோன்றினாலும் இதைத் தவறாமல் செய்யுங்கள். நேற்று கணக்குக் காட்டாதவனாக இருந்தவன் இன்று விளையாட்டுத் திடலிலும் அப்படியே அழைக்கப்படாமல் இருக்க இது உதவுகிறது. பிறகு, யார் பெயரெல்லாம் குடத்துக்குள் போகவில்லை என்று கணக்கெடுப்போம். உழுதவர், தச்சர், குயவர் எவர் பெயரும் இல்லை. பெண் ஒருவர் பெயரும் இல்லை. அது பிராமணர்களுக்குத் தானமாக அளிக்கப்பட்ட பிரமதேய ஊர். சபை என்பது அத்தகைய ஊர்களுக்குரிய அமைப்பு. மற்ற ஊர்களில் ஊர் என்ற அமைப்பும் வணிகர் ஊர்களில் நகரம் என்ற அமைப்பும் இருந்தன என்பதை இப்போது சொன்னால், அது உலர்ந்த வகைப்பாடாக இல்லாமல் அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விக்கு விடையாக வந்து சேரும். ஓர் ஆண்டில் ஒரு மாணவி, "நேத்து முழுக்க நான் சுவரோரமாவே உக்காந்திருந்தேன் சார், ஒருத்தர்கூட என்கிட்ட எதுவும் கேக்கல" என்றாள். அவள் எடுத்த சீட்டு நிலமற்ற உழவருடையது. மக்களாட்சி என்ற சொல்லை உத்திரமேரூருக்கு எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம் என்று அன்று வகுப்பு விவாதித்ததற்கு அவளுடைய அந்த ஒரு வாக்கியமே காரணம். இது சீட்டுக் குலுக்கல்தானே, வாக்களிப்பு எங்கே நடந்தது என்ற கேள்வியும் பெரும்பாலும் மாணவரிடமிருந்தே வரும். வரும்போது, பண்டைய ஏதென்சிலும் பல பதவிகளுக்குக் குலுக்கல் முறையிலேயே ஆளெடுத்தார்கள் என்பதைச் சொல்லலாம்.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. இதில் நான் மிகுந்த எச்சரிக்கையைக் கோருகிறேன். 1967-இல் அமெரிக்காவின் பாலோ ஆல்டோ நகரில் ரான் ஜோன்ஸ் என்ற வரலாற்று ஆசிரியர், நாஜி ஆட்சிக்கு மக்கள் எப்படி உடன்பட்டார்கள் என்பதை உணர்த்துவதற்காகத் தம் வகுப்பில் கட்டுப்பாடும் முழக்கமும் வணக்கமுறையும் கொண்ட ஓர் இயக்கத்தை உருவாக்கினார். சில நாள்களிலேயே அது வகுப்பைத் தாண்டிப் பரவி, அவரே அவசரமாக நிறுத்த வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்ட மறுநாள், ஐயோவா மாநிலத்தின் ரைஸ்வில் என்ற சிற்றூரில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண்ணின் நிறத்தால் இரண்டாகப் பிரித்து, ஒரு நாள் ஒரு பிரிவை உயர்ந்தது என்றும் மறுநாள் மற்றதை உயர்ந்தது என்றும் நடத்தினார். பிள்ளைகள் சில மணி நேரத்தில் ஒருவரையொருவர் இழிவாக நடத்தத் தொடங்கிவிட்டார்கள். இவ்விரண்டையும் வியந்து பேசுவோர் உண்டு. நான் அவற்றை எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்கிறேன். தாங்கள் ஒரு பாத்திரத்தில் இருக்கிறோம் என்பதே பிள்ளைகளுக்குத் தெரியாத, அல்லது மறந்துபோகும் நிலையில் நடத்தப்படுவதைப் பாத்திரமேற்பு என்று சொல்ல முடியாது. மேலும் அங்கே கண் நிறம் வெறும் சாக்கு. நம் வகுப்பில் சாதி வெறும் சாக்கு இல்லை. காலையில் வந்த தெருவும் மாலையில் திரும்பப் போகும் தெருவும் அதற்குள் இருக்கின்றன.

எனவே நான் கடைப்பிடிக்கும் வரம்பு இது: துன்பத்தை நடிக்கச் சொல்லக் கூடாது, முடிவை விவாதிக்கச் சொல்லலாம். வைக்கம் போராட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நடக்கக் கூடாதென்ற தடைப்பலகை இருந்தது. அதை எதிர்த்து 1924 மார்ச் 30 அன்று போராட்டம் தொடங்கியது. தடைப்பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளையை நிறுத்தி, இந்தப் பக்கம் நிற்பவர்களைத் தடுக்கச் சொல்வதை நான் எந்த நோக்கத்துக்காகவும் ஏற்க மாட்டேன். அதே வைக்கத்தில் வகுப்பறைக்குப் பொருத்தமான வேறொரு தருணம் இருக்கிறது. தெருக்களை எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும் என்று கோரி என். குமாரன் கொண்டுவந்த தீர்மானம் 1925 பிப்ரவரியில் திருவிதாங்கூர் சட்டசபையில் வாக்கெடுப்புக்கு வந்து, 21-க்கு 22 என்ற கணக்கில், ஒரே ஒரு வாக்கில் தோற்றது. இந்தச் சபையை வகுப்பில் கூட்டலாம். உறுப்பினர்களின் கையில் அன்றைய தகவல்களைக் கொடுங்கள்: சென்ற ஆண்டு வெள்ளத்தில் மார்பளவு நீரில் நின்று போராடிய தொண்டர்கள், மன்னத்துப் பத்மநாபன் தலைமையில் உயர்சாதியினரே வைக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு நடந்து சென்று தெருக்களைத் திறக்கும்படி கொடுத்த மனு, இரண்டு முறை சிறை சென்ற பெரியார், அரசின் தயக்கம், கோயில் தரப்பின் எதிர்ப்பு. தெருவைத் திறக்கக் கூடாது என்ற தரப்பை மாணவரிடம் கொடுக்கும்போது, பழித்துப் பேசும் சொல் எதுவும் கூடாது, சட்டம், வழக்கம், அமைதி பற்றிய வாதங்களே பேசப்பட வேண்டும் என்று முன்னரே சொல்லிவிடுங்கள். எந்தப் பாத்திரத்தையும் மறுக்க ஒவ்வொரு பிள்ளைக்கும், காரணம் சொல்லாமலே, உரிமை உண்டு என்பதையும் சொல்லுங்கள்.

உங்கள் வகுப்பில் தீர்மானம் வென்றுவிடவும் கூடும். அதனால் கவலை வேண்டாம். நியூயார்க்கின் பர்னார்டு கல்லூரியில் மார்க் கார்ன்ஸ் 1990-களில் உருவாக்கிய பாத்திரமேற்புப் பாடமுறையிலும் முடிவு வரலாற்றிலிருந்து விலகிப் போக இடம் உண்டு; 1945-ஆம் ஆண்டின் இந்தியா கூட அவர்களுடைய பாடங்களில் ஒன்று. விலகிய இடத்திலிருந்துதான் பின்னுரையாடல் தொடங்க வேண்டும். உங்கள் வகுப்பில் வென்ற தீர்மானம் அந்தச் சபையில் ஏன் தோற்றது? அங்கே யாருக்கு வாக்குரிமை இருந்தது, அரசு நியமித்த உறுப்பினர் யார், சபைக்கே வர முடியாமல் வெளியே நின்றவர் யார் என்று கேட்டால், உத்திரமேரூரில் குடத்துக்குள் யார் பெயர் என்று கேட்ட அதே கேள்வி ஆயிரம் ஆண்டு கழித்து மீண்டும் எழுவதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். 1925 நவம்பரில் கோயிலின் மூன்று பக்கத் தெருக்கள் மட்டும் திறக்கப்பட்டுப் போராட்டம் முடிந்தது என்பதை அதன் பிறகு சொல்லுங்கள். "நாலாவது பக்கம்?" என்று யாராவது கேட்காமல் இருக்க மாட்டார்கள்.

ஆசிரியர் என்ன செய்வது என்பதற்கு, இங்கிலாந்தின் நாடகக் கல்வியாளர் டோரதி ஹீத்கோட் காட்டிய வழி எனக்கு உதவியது. ஆசிரியர் வெளியே நின்று கட்டளையிடாமல் தாமும் ஒரு பாத்திரத்தை ஏற்று உள்ளே வந்துவிட வேண்டும் என்பது அவர் முறை. ஆனால் அரசன், நீதிபதி போன்ற எல்லாம் அறிந்த பாத்திரம் வேண்டாம். உத்திரமேரூரில் சபை கூடியபோது சோழ அரசின் அலுவலர் ஒருவர் உடனிருந்தார் என்று கல்வெட்டு சொல்கிறது, அவராக அமர்ந்துகொள்வேன். "உங்கள் ஊர் வழக்கம் எனக்குத் தெரியாது, விளக்குங்கள்" என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. கூச்சமுள்ள பிள்ளைகள் எழுதுகிறவராக இருக்கலாம். நடவடிக்கை முழுவதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளும் அந்தப் பிள்ளைகளே மூன்றாம் நாள் விவாதத்தில் அதிகம் பேசுவதை நான் கண்டிருக்கிறேன்.

நேரமும் தேர்வும் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு பாடத்துக்கு மூன்று பாடவேளை பிடிக்கும் என்பதால் பருவத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு போதும். எல்லாப் பாடமும் இதற்குப் பொருந்தாது. கற்காலக் கருவிகளுக்கும் கட்டடக் கலைக்கும் வேறு வழிகள் உண்டு. மனிதர்கள் கூடி ஒரு முடிவெடுத்த தருணம் இருக்கிறதா, இரு பக்கமும் பேச வாதம் இருக்கிறதா, மாணவர் கையில் கொடுக்க அக்காலத்துச் சான்று இருக்கிறதா என்ற மூன்றுக்கும் ஆம் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். நடிப்புக்கு மதிப்பெண் போடாதீர்கள். உரக்கப் பேசுவோருக்கே அது போய்ச் சேரும். சீட்டில் உள்ள மனிதர் தகுதியுடையவரா இல்லையா என்பதைக் கல்வெட்டின் விதியைக் காட்டி ஒரு பக்கம் எழுதச் சொன்னால், தேர்வுக்கான பயிற்சியும் அதிலேயே முடிந்துவிடும்.

முதன்முறை என்பதால் மூன்று நாளையும் ஒரேயடியாகத் திட்டமிட வேண்டாம். பத்துச் சீட்டும் ஒரு குடமும் எடுத்துக்கொண்டு, யார் பெயரை இடலாம் என்ற வாதத்தை மட்டும் அரை மணி நேரம் நடத்திப் பாருங்கள். கணக்குக் காட்டாத அத்தை மகன் சீட்டை மட்டும் அந்தப் பத்தில் கட்டாயம் சேர்த்துவிடுங்கள்.